வாப்பாவின் கடலை ஆணம்

சிங்கப்பூரில் ‘இந்தியன் ரோஜாக்’ என்று ஒரு பண்டம் விற்கிறார்கள். பேரில்தான் இந்தியா இருக்கிறது. சென்னையில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் பத்துப் பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று காவிரியின் கிளைகள் கடலைத் தொடுகிற பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, எழுபதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் பெரியவரிடம் ‘ரோஜாக்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பினாங்குலயா, சிங்கப்பூர்லயா?’ என்றுதான் முதலில் கேட்பார். கேட்டுவிட்டு உங்களை உட்காரச் சொல்வார். அப்புறம் எழுந்திருப்பது உங்கள் பாடு.

அவர் கேட்பதில் விஷயம் இருக்கிறது. பினாங்கில் அதைப் பசெம்பூர் என்பார்கள். வெள்ளரிக்காயையும் செங்குவாங் என்கிற நீர்ப்பிடிப்பான வெள்ளைக் கிழங்கையும் நூல் நூலாகச் சீவித் தட்டில் பரப்புவார்கள். கொதிநீரில் காட்டி எடுத்த பயறு முளையைத் தூவுவார்கள். அதன்மேல் இறால் பதித்த வடை, பொரித்த தவ்வு என்கிற சோயாக் கட்டி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, கணவாய், கையில் காசிருந்தால் ஒரு பொரித்த நண்டு, எல்லாவற்றையும் துண்டு போட்டுக் குவித்து, கடலையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மிளகாயும் புளியும் சேர்ந்து கொதித்த செம்மண் நிற ஆணத்தை மேலேயே ஊற்றிவிடுவார்கள். எங்கள் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்றுதான் பேர். சிங்கப்பூரில் அது தனிக் கிண்ணத்தில் வரும். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறதில் வேண்டியதை நாம் காட்டலாம். கடைக்காரர் அவற்றை இன்னொரு முறை எண்ணெயில் போட்டு எடுத்து, வெட்டி, வெங்காயமும் பச்சை மிளகாயும் வெள்ளரிக்காயும் ஓரமாக வைத்துத் தருவார். தொட்டுக்கொள்ள வேண்டும். ஊற்றுவதா, தொடுவதா என்பதில் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. நான் பினாங்குக் கட்சி. வாப்பா பினாங்கில் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை.

அந்தத் தட்டில் எனக்குச் சொந்தம் கொண்டாடத் தோன்றுவது வடையைப் பார்க்கும்போதுதான். நாகூர் தர்காவின் அலங்கார வாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் அஸர் தொழுகை முடிந்ததும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். நோன்பு மாதம் என்றால் எந்தத் தெருவில் திரும்பினாலும் அந்த வாசனைதான். வாடா. ஊறிய அரிசியைக் கொரகொரவென்று அரைத்து, வெங்காயமும் தேங்காயும் சேர்த்து, உள்ளங்கையில் வட்டமாகத் தட்டி, நடுவில் ஓர் இறாலை அழுத்திச் சட்டியில் விடுவார்கள். இறாலின் வால் வெளியே தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் காசு கொடுக்கிறவனுக்கு நம்பிக்கை வராது. நோன்புக் கஞ்சிக்கு அதைவிடத் தோதான துணை கிடையாது. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லைத் தவிர வேறு பேச்சில்லாத பூமியில் தெருப் பலகாரமும் அரிசியில்தானே இருக்கும்! பினாங்குத் தட்டில் இருக்கிற வடை கோதுமை மாவு. அங்கே மைதா சல்லிசு. அரிசி அரைக்க உரலும் இல்லை, ஆளும் இல்லை. மாவு மாறிப்போனாலும் இறால் மட்டும் அதே இடத்தில் வாலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. மலாய்க்காரர்களுக்கும் இறால் போட்ட சுச்சூர் உண்டு என்பதால் பட்டா கேட்டு நான் போகப்போவதில்லை. ஆனால் சிறு வயதிலிருந்து வாடா தின்று வளர்ந்தவன் அக்கரையில் வண்டி போட்டால் வேறென்னத்தைத் தட்டுவான்?

போனவர்களின் வரிசை நீளமானது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பியதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கடாரம் என்பது பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற கெடா என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அசரவில்லை. அவர்களுக்கு அது மாமுவும் பெரியத்தாவும் வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கும்பெனிக்காகக் கொடியை ஏற்றியபோதே நம்மவர்கள் கடை போட வந்துவிட்டார்கள். சூலியா தெரு என்று அவர்கள் பேரிலேயே தெரு வந்தது. 1801இல் காதிர் முகைதீன் முன்னின்று எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. போன இடத்திலெல்லாம் நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய இன்னொரு நாகூர் தர்கா. இரண்டிலும் நாயகம் அடங்கியிருக்கவில்லை. கடல் கடந்து போனவர்கள் அவர் நினைவாக எழுப்பிய இடங்கள் அவை. இங்கே நாகூரில் பெரிய மினாரா 131 அடி. தஞ்சையை ஆண்ட மராட்டியர் பிரதாப்சிங் கட்டிக்கொடுத்தது. கடலில் வருகிறவனுக்கு ஊர் தெரிவதற்கு முன் அதுதான் தெரியும் என்பார்கள்.

எங்கள் தலைமுறைக்குக் கப்பல் என்றால் ரஜுலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு போய்வந்தது. தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. நாகப்பட்டினத்தில் கரைக்கு அது வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; கடுவையாற்று முகத்துவாரத்திலிருந்து படகில் போய்த்தான் ஏற வேண்டும். படகு மேலே போகும்போது கப்பல் ஏணி கீழே இருக்கும், படகு கீழே போகும்போது ஏணி மேலே இருக்கும். சரியான நொடியில் கால் வைக்க வேண்டும். கடலுக்குப் போகிறவனை எங்கள் ஊரில் சபராளி என்பார்கள். சபராளி வீட்டுப் பெண்கள் கடற்கரைக்கு வருவதில்லை. வாசல் நடையிலேயே விடைகொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பிள்ளைகள் நாங்கள்தான் கரையில் நின்று கையாட்டுவோம். எந்தத் தலை வாப்பாவின் தலை என்று தெரியாமலேயே ஆட்டுவோம்.

பெண்கள் போகவில்லை என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர்த் தெரு என்றே ஒன்று இருக்கிறது. எங்கள் தஞ்சைச் சீமைக்காரர்களில் பெரும்பாலோர் தனி ஆளாகப் போனார்கள். மனைவி நாகூரில், தாய் நாகூரில், வீடு கட்டுவதும் நாகூரில். சம்பாதிப்பது மட்டும் அங்கே. இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து வந்து சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். ஊரில் சோற்றுக் கரண்டியைத் தொட்டறியாத ஆண்பிள்ளைகள் அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேராக முறை வைத்துச் சமைத்தார்கள். சமையல் படிந்தவர்கள் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். மீ கோரிங், நாசி கண்டார், ரோஜாக் எல்லாம் பெண் கை படாமல் பிறந்த சமையல். நம் வீட்டு அடுக்களையில் நடக்காத துணிச்சல் அதில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இனிப்பும் உறைப்பும் புளிப்பும் ஒரே சட்டியிலா என்று அதட்ட அங்கே மாமியார் இல்லை.

ஒற்றை ஆளுக்கு ரோஜாக்கைப் போல் வாகான வியாபாரம் வேறில்லை என்று வாப்பா சொல்வார்கள். காலையில் பாசாருக்குப் போய் வந்து, நண்பகலுக்குள் எல்லாவற்றையும் பொரித்து அடுக்கிவிடலாம். ஆணம் ஒரு பானை கொதித்தால் ராத்திரி வரை தாங்கும். சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் பிறகு வேலை கத்திக்கு மட்டும்தான். வெட்டு, அள்ளு, ஊற்று, காசை வாங்கு. சீனர் வருவார், மலாய்க்காரர் வருவார், கப்பல்காரர் வருவார். யாருக்கும் அது தன் வீட்டுச் சாப்பாடு இல்லை, அதனால் யாருக்கும் அதில் குறையும் தெரியாது. வாப்பா முதலாளி இல்லை. ஊர்க்காரர் ஒருவரின் வண்டியில், பாடாங் கோத்தாவில், கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைத் திடலில் நின்று வெட்டிக்கொடுத்தார்கள்.

ஒவ்வொரு தடவை வரும்போதும் டிரங்குப் பெட்டியைத் திறப்பது எங்களுக்குப் பெருநாள். கோடாலித் தைலம், மைலோ டின், பூப்போட்ட சாரங், அத்தர் வாசனையும் பாச்சா உருண்டை வாசனையும் கலந்த கைக்குட்டைகள். கொண்டுவந்ததையெல்லாம் உம்மா தெருவுக்குப் பங்கு வைத்துவிடுவார்கள். எங்கள் கைக்கு மிஞ்சுவது காலி டின்தான். வாப்பா கொண்டுவந்த பொருளில் ஒன்றே ஒன்றைத்தான் யாருக்கும் கொடுக்கவில்லை. அது ஒரு சீனக் கத்தி. அரைச் சாண் அகலம், நல்ல கனம், மரப்பிடியில் கைபட்டுக் கைபட்டு விரல் பள்ளங்கள் விழுந்திருந்தன.

கத்தி வந்த தடவை வாப்பா திரும்பிப் போகவில்லை. மலேசியாவில் 1968இல் ஒரு சட்டம் போட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்ற சட்டம். அடுத்த வருஷம் அது நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துக் கூலிகள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். கடைச் சிப்பந்திகளும் வண்டிக்காரர்களும் அந்தக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார்கள். குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கலாம். மலாயா சுதந்திரம் அடைந்த 1957க்குப் பிறகு எழுதிப் போட்டவர்கள் பலர் இருந்தார்கள். வாப்பா எழுதவில்லை. ‘ஊரு இங்கதானே ஈக்கிது’ என்பார்கள், கேட்டால். நாகூருக்கு வந்து ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக் கேட்டது குறைவு. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாகூர் ஹனிபா பாட்டு ரேடியோவில் வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

தை பிறந்ததும் ஆள் மாறிவிடுவார்கள். பொங்கலுக்குச் சந்தை முழுக்க சர்க்கரைவள்ளிக்கிழங்கு குவிந்து கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது கையில் கிழங்கு மூட்டை இருந்தால் எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். இந்த வாரம் ரோஜாக். அடுக்களையை உம்மா தர மாட்டார்கள். வாப்பாவும் கேட்க மாட்டார்கள். கொல்லையில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று செங்கல்லை வைத்துச் சவுக்கு விறகைச் சொருகிவிடுவார்கள். என் வேலை கடைக்கு ஓடுவது. வேதாரண்யத்து மணற்காட்டுக் கடலை, அச்சுவெல்லம், பழம்புளி, வரமிளகாய், வெள்ளரிப் பிஞ்சு, முட்டை, உருளைக்கிழங்கு. செங்குவாங்குக்கு எங்கே போவது? வெள்ளரிப் பிஞ்சையே கூடச் சீவிக்கொள்வார்கள். தவ்வுக்கும் வழியில்லை. பயறு முளை மட்டும் வீட்டில் தயாரானது. ஈரத்துணியில் பச்சைப் பயறைக் கட்டித் தொங்கவிட்டு, நாளுக்கு நான்கு தடவை தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘புள்ளையளப் பெத்தப்பகூட இப்படி எட்டிப் பாக்கல’ என்று உம்மா அடுக்களையிலிருந்தே சொல்வது கொல்லை வரை கேட்கும்.

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ராத்தாவின் வேலை கடலை. வறுத்து, கையால் கசக்கி, முறத்தில் புடைத்துத் தோலைப் போக்கி, உரலில் இடிக்க வேண்டும். மாவாகிவிடக் கூடாது, முழுசாகவும் நிற்கக் கூடாது. எண்ணெய் விடுகிற பதத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது வாப்பாவின் கட்டளை. கிழங்கைச் சுட்டுத் தோலுரித்து மசிப்பதும் மிளகாயை ஊறவைத்து அரைப்பதும் யாராவது செய்வோம். அடுப்பு மூட்டியதும் எங்களை விரட்டிவிடுவார்கள். ‘போங்க, போங்க, பொகை’ என்பார்கள். புகை ஒன்றும் பெரிதாக இருக்காது. கிணற்றடிச் சுவருக்கு மேல் வாப்பாவின் தொப்பி மட்டும் தெரியும். சட்டியில் அகப்பை சுற்றுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை கிளம்பும். மிளகாய் எண்ணெயில் பிரிகிற வாசனை முதலில், அதன் பின்னால் வெல்லமும் கடலையும் சேர்ந்து கருகப் போகிறதோ என்று பயமுறுத்துகிற வாசனை. பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து ‘என்னா மரைக்காரு, பினாங்குக் கப்பலு வந்துடுச்சா?’ என்று கேட்பார்கள்.

அப்புறம்தான் கத்தி வெளியே வரும். திண்ணையில் புளியமரக் கட்டையைப் போட்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு நிற்பார்கள். கடையிலிருந்து வாங்கிவந்த வாடா, வீட்டில் பொரித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை எல்லாம் பக்கத்தில் தாம்பாளத்தில் இருக்கும். கணக்கு எழுதுகிற வாப்பா அங்கே இல்லை. ஒரு வாடாவை எடுத்து வைத்தால் டக், டக், டக் என்று நான்கு துண்டு. கண் கத்தியில் இருக்காது, எதிரே நிற்கிற ஆளின் முகத்தில் இருக்கும். வெட்டி முடித்துக் கத்தியைப் படுக்கப் போட்டு, அதன் அகலத்திலேயே அத்தனையையும் அள்ளித் தட்டில் சரிப்பார்கள். ஒரு துணுக்குகூடக் கட்டையில் தங்காது. எங்களை வரிசையில் நிற்கச் சொல்வார்கள். ‘பெடாஸ்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். உறைப்பு வேண்டுமென்றால் ‘பெடாஸ்’ என்று சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் ‘தாநா’. தமிழில் சொன்னால் தட்டு வராது. தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்த ஒரு சாயங்காலம் வாப்பா பேசுகிற பேச்சு வருஷம் முழுக்கப் பேசுவதைவிட அதிகம். மழை பெய்தால் பாடாங் கோத்தாவில் வண்டிகளை எங்கே ஒதுக்குவார்கள், வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் நண்டு கேட்டு அடம்பிடித்தது, சீனப் புத்தாண்டுக்கு எத்தனை முட்டை ஓடியது என்று கை ஓடிக்கொண்டே இருக்க வாயும் ஓடும்.

உம்மா சாப்பிட மாட்டார்கள். ‘ஆணம் இனிக்கிது’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். நெடுநாள் அதை நாக்கின் குற்றம் என்றே நினைத்திருந்தேன். மணமாகிப் பத்துப் பதினைந்து வருஷம் கடல் தின்ற மனுஷர், கடலிலிருந்து மீண்டு வந்த பிறகும் வருஷத்தில் ஒரு நாள் அங்கேயே போய் நின்றால் எந்தப் பெண்தான் அந்தத் தட்டைத் தொடுவாள் என்று இப்போது தோன்றுகிறது. தாம்பாளத்தை மட்டும் கழுவிக் கவிழ்த்துவைப்பார்கள். கத்தியை வாப்பாதான் கழுவ வேண்டும்.

வாப்பா மவுத்தான பிறகு அதைச் செய்ய ஆளில்லை. கத்தி இருந்தது, தையில் கிழங்கும் வந்தது. எந்த வீட்டிலும் இதே கதைதான். அந்தப் பெரியவர்களின் கைப்பக்குவம் மனைவிமாருக்கு இறங்கவில்லை. அது அடுக்களைக்குள் நுழையாத சமையல். நுழைந்திருந்தால் மருமகளுக்கு, மகளுக்கு என்று கைமாறியிருக்கும். எங்கள் பக்கம் மீ கோரிங் வீட்டுக்குள் வந்து பிழைத்துக்கொண்டது. தம்ரூட்டும் வட்டலாப்பமும் எக்காலத்திலும் பெண்கள் கையில் இருந்ததால் அவற்றுக்குக் குறைவில்லை. வாடாவுக்குத் தெருவே துணை. நடுவில் ரோஜாக் ஆணம் மட்டும் கொல்லையோடு நின்றுவிட்டது.

அதற்குள் திசையும் மாறியிருந்தது. எழுபதுகளில் எண்ணெய்க் காசு கிளம்பியதும் பையன்கள் கிழக்கே பார்ப்பதை விட்டு மேற்கே பார்த்தார்கள். துபாய், சவூதி, குவைத். என் தம்பியும் அந்த வரிசையில் போனான். ரஜுலா 1973இல் ஓட்டத்தை நிறுத்தியது. பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. இன்று தர்கா வாசலில் ஷவர்மா சுற்றுகிறது, கல்யாணத்துக்கு மந்தி போடுகிறார்கள். நானும் சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. அக்கரைக்குப் போவதென்றால் திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். நாகப்பட்டினத்திலிருந்து மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டிருக்கிறார்கள், 2023 அக்டோபரில் தொடங்கியது. அது காங்கேசன்துறைக்குப் போகிறது. தமிழ்நாட்டு ஆள் யாழ்ப்பாணத்துக்குக் கடல்வழியாகப் போக முடிவது பெரிய காரியம்தான். எங்கள் பக்கத்துக் கிழடுகளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நானும் பினாங்கு போனேன். சூலியா தெரு தர்கா சின்னதாக, வெள்ளையடித்து, சுவரை ஒட்டியே கடைகளோடு இருக்கிறது. ஃபாத்திஹா ஓதிவிட்டு பாடாங் கோத்தாவுக்கு நடந்தேன். கடற்காற்று, கோட்டை, புல்திடல் எல்லாம் வாப்பா சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. வண்டிகளுக்குப் பதில் கூரை போட்ட கடை வரிசை. பசெம்பூர் கடையில் சட்டியருகே நின்ற பையன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். ‘பெடாஸ்’ என்றேன். சிரித்துவிட்டு ‘காரமா போட்டுத் தர்றேன்ணே’ என்றான். பூப்போலச் சீவிய செங்குவாங், உள்ளே வெண்ணிறமாக இளகி வெளியே மொறுமொறுத்த தவ்வு, ஆணம் மேலே வழிந்து ஓரத்தில் பளபளத்தது. ருசியாக இருந்தது. வாப்பாவுடையது அதுவல்ல. இது இன்னும் இளக்கமாக, இன்னும் இனிப்பாக, வெள்ளைச் சர்க்கரை போட்டதாக இருந்தது. தட்டைக் காலி செய்யும்போதுதான் விளங்கியது. இங்கே ஓடுகிறதுதான் இந்த ஊர்ச் சரக்கு. வாப்பா செய்தது அச்சுவெல்லமும் வேதாரண்யத்துக் கடலையும் அரிசி வாடாவுமாக நாகூர்க் கொல்லைக்கென்றே ஆகிப்போன ஒன்று. பினாங்கில் தேடினால் அது கிடைக்காது.

சிங்கப்பூரில் கதை வேறு. அங்கே ரோஜாக் என்றால் தோப்புத்துறைக்காரர்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வாட்டர்லூ தெருவில் வரிசையாக வண்டி நின்ற காலத்தை இன்னமும் சொல்வார்கள். 1971இல் தொடங்கி 1986க்குள் அரசாங்கம் தெருவோர வியாபாரிகள் எல்லோரையும் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுபோய்விட்டது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த ஊரின் ஹாக்கர் பண்பாட்டைப் பட்டியலில் ஏற்றியது. சுத்தம் வந்தது, கௌரவமும் வந்தது. உள்ளே போனவர்களின் பிள்ளைகளில் பலர் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். கத்தி பிடித்த எந்தத் தகப்பனும் மகன் கத்தி பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. வாப்பாவும் என்னைக் கட்டைக்குப் பக்கத்தில் விட்டதேயில்லை.

ராத்தா இப்போது காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். போன நோன்பில் பார்க்கப் போயிருந்தேன். கஞ்சி, வாடா, பேரீச்சம்பழம் என்று நோன்பு திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சு எப்படியோ ஆணத்துக்கு வந்தது. நான் கடைக்குப் போனவன், சாமான் பட்டியல் முழுக்க எனக்கு மனப்பாடம். ராத்தா கடலை இடித்தவர்கள், பதம் அவர்களுக்குத் தெரியும். இரண்டையும் வைத்து ஆணத்தை மீட்டுவிடலாம் என்று நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கிழங்கு, கடலை, மிளகாய், புளி, வெல்லம், உப்பு என்று எழுதி முடித்து, ‘அவ்வளவுதானே ராத்தா?’ என்றேன்.

‘சென்னாக்குனிய எழுதலியே.’

‘சென்னாக்குனியா? அந்தக் காஞ்ச பொடி இறால நான் வாங்கினதே இல்லையே. எல்லாம் நான்தானே கடையில வாங்கியாந்தேன்.’

‘கடையில எங்க வாங்குறது? சில்லடிக் கடக்கரையிலேர்ந்து வர்ற மீன்காரிகிட்ட நான் வாங்கி முந்தானையில முடிஞ்சு கொண்டாருவேன். கிணத்தடியில வச்சு வாப்பா வறுத்துப் பொடிச்சுக் கடைசியா தூவுவாஹ. உம்மாவுக்கு அந்தக் கவிச்சி ஆகாது, தெரிஞ்சா அடுக்களச் சட்டியத் தரமாட்டாங்கன்னு யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாஹ.’

‘என்கிட்டயுமா?’

‘ஒன்கிட்டதான் முக்கியமா. நீ ஓட்டவாயி.’

எவ்வளவு தூவினார்கள் என்பதில் ராத்தாவுக்கும் நிச்சயமில்லை. ஒரு பிடி என்கிறார்கள், அப்புறம் அரைப் பிடி என்கிறார்கள். தையில் கிழங்கு வந்ததும் இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. ராத்தாவின் மகள் வீட்டில் கொல்லை கிடையாது, மொட்டைமாடிதான். காஸ் அடுப்பை மேலே ஏற்றித் தருவதாக மருமகன் ஒத்துக்கொண்டுவிட்டார். சட்டியை யார் கிளறுவது என்பதில்தான் எனக்கும் ராத்தாவுக்கும் தகராறு.